ஜோடிக் கணக்கு: தறி வீட்டுத் தொட்டியில் ஜெயண்ட் டேனியோ – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் ஒரு கிராமம். ஓட்டு வீடு, அதன் வடக்குச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். எட்டு விசைத்தறி ஓடுகிறது. பாவு (நெசவுக்கான நீளவாட்டு நூல்) வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுக்கிறார்கள். வீட்டில் அப்பாரு, அவருடைய மகன், மருமகள், ஒன்பதாவது படிக்கும் பேரன், அவனுக்கு ஒரு தங்கை. பேரும் ஊரும் வராமல் எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதனால் இங்கே எல்லோரும் உறவுமுறையிலேயே வருவார்கள்.

2023 பொங்கல் லீவில் பையன் நச்சரித்து வாங்கிய தொட்டி அது. 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் 70 லிட்டர். அடியில் கலர் கல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே முக்கால்வாசியை மூடும் கண்ணாடி. மீன்கள்: ஜெயண்ட் டேனியோ இரண்டு ஜோடி, ஏஞ்சல் ஒரு ஜோடி, கோல்டு ஃபிஷ் ஒரு ஜோடி.

நம் ஊர் மீன் கடைகளில் எல்லாமே ஜோடிதான். விலையும் ஜோடிக்குத்தான் சொல்வார்கள். ஆணா பெண்ணா என்று யாரும் பார்ப்பதில்லை, இரண்டு மீன் என்றால் ஒரு ஜோடி. வாங்குகிறவருக்கும் அது மங்கலமாகப் படுகிறது. கூட்டமாக வாழும் மீனுக்கு இந்தக் கணக்கு என்ன செய்கிறது என்பதுதான் இந்த நிகழ்வின் மையம். அது எனக்கே பாதி வழியில்தான் உறைத்தது.

ஜெயண்ட் டேனியோவைப் பார்க்காதவர்களுக்கு: நீலமும் மஞ்சளும் கோடு கோடாக ஓடும் ஒல்லியான மீன். தொட்டியில் 4 அங்குலம்வரை வளரும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் இதன் இனத்தார் நிறையப் பேர் உண்டு. ஓடும் தண்ணீரில் எதிர்நீச்சலடித்து, மேலே விழும் பூச்சியைப் பிடித்துத் தின்று வாழ்பவை. நாள் முழுக்க நீந்தும், ஒரு இடத்தில் நிற்காது. பயந்தாலும் பசித்தாலும் தண்ணீரைவிட்டு ஒரு அடிக்கு மேல் எகிறும். கடையில் வாங்கும்போது இரண்டு அங்குலம்தான் இருக்கும் என்பதால் இதெல்லாம் யாருக்கும் தெரிவதில்லை.

பையனின் அப்பா மார்ச் முதல் வாரத்தில் போன் செய்தார். என் மனைவியின் சொந்தக்காரர் ஒருவர் மூலம் என் நம்பர் கிடைத்திருக்கிறது. மீன் வளர்ப்பில் எனக்கு இருபது வருடப் பழக்கம், அவ்வளவுதான். டாக்டரும் இல்லை, கடைக்காரனும் இல்லை. அவர் சொன்னது இது: “ஏனுங்க, மீனு தொட்டிய உட்டு வெளிய வெளிய குதிக்குதுங்க. தறிச் சத்தத்துக்குப் பயந்துக்குதுன்னு கடைக்காரரு சொல்றாருங்க. தொட்டிய மாடிக்கு மாத்தோணுமுங்களா?”

முதல் பார்வை

முதலில் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு தறிக்கு லீவு. குடோன் அமைதியாக இருந்தது.

ஜெயண்ட் டேனியோ நான்கு இருந்தன. ஆனால் அதே நான்கு இல்லை. பிப்ரவரியில் ஒன்று குதித்துச் செத்திருக்கிறது. கடையில் சொன்னதும் இன்னொரு ஜோடி கொடுத்திருக்கிறார்கள், ஐந்தானது. மார்ச் தொடக்கத்தில் இன்னொன்று போய் மறுபடி நான்கு. அந்தக் கடைசி மீனைச் சோபாவுக்குப் பின்னால் இரண்டு நாள் கழித்துத்தான் பையனின் அம்மா கண்டுபிடித்திருக்கிறார். காய்ந்து வளைந்து, உடம்பு முழுக்கப் பஞ்சு ஒட்டிக்கொண்டு, முதலில் திரி என்று நினைத்தாராம்.

பஞ்சு பற்றிச் சொல்ல வேண்டும். தறி வீட்டில் காற்றிலேயே பஞ்சுத் தூசி மிதக்கும். ஃபேன் இறக்கையில், டிவி மேல், சாமி படத்தில், எல்லாவற்றிலும் வெள்ளையாகப் படியும். தொட்டியின் மேல்பரப்பிலும் மெல்லிய ஆடை போலப் படிந்திருந்தது. டேனியோ ஒன்று மேலே வந்து ஒரு பஞ்சுத் துணுக்கைக் கவ்வி, துப்பி, மறுபடி கவ்விக்கொண்டிருந்தது. பூச்சி என்று நினைத்திருக்க வேண்டும். ஸ்பாஞ்சைப் பிழிந்தால் அழுக்கைவிடப் பஞ்சுதான் அதிகம் வந்தது.

அளந்தவை: வெப்பம் 29 டிகிரி. பி.எச். (அமில-காரத் தன்மை, 7 என்றால் நடுநிலை) 8.2. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,400-ஐத் தாண்டியது, அதாவது முழுக்கப் போர்த் தண்ணீர். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா லிட்டருக்கு அரை மில்லிகிராம். இந்தக் கடைசி எண் சிறியதாகத் தெரியும். ஆனால் அம்மோனியாவின் நச்சு வடிவம் பி.எச்.சும் வெப்பமும் கூடக் கூட அதிகமாகும். பி.எச். 7 ஆக இருந்தால் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சாக இராது. 8.2-இல், இந்த வெப்பத்தில், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நச்சு. செவுள் எரிந்துகொண்டிருக்கும் மீனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

நடத்தை இன்னும் மோசம். மூன்றரை அங்குலத்தில் ஒரு பெரிய மீன். அது மற்ற மூன்றையும் மாற்றி மாற்றித் துரத்தியது. மொபைலில் பத்து நிமிடம் வைத்து எண்ணினேன், 31 துரத்தல். அதில் பாதிக்கு மேல் ஒரே மீன்மேல். அந்த மீன் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் தலை மேல் நோக்கிச் சாய்ந்தபடி ஒடுங்கி நின்றது, வால் ஓரம் கிழிந்திருந்தது. ஏஞ்சல்கள் இரண்டும் ஒரு மூலையில். தீவனம் போட்டால் அவை திரும்புவதற்குள் டேனியோக்கள் முடித்துவிட்டன. கோல்டு ஃபிஷ் மட்டும் எதைப் பற்றியும் கவலைப்படாமல் கல்லைக் கிளறித் தொட்டியை அழுக்காக்கிக்கொண்டிருந்தது.

அப்பாருவின் காலண்டர்

இந்த நிகழ்வில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி அப்பாரு. கட்டிலைத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டு பகலெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பவர். மீன் வெளியே விழுந்த நாளெல்லாம் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் நேரத்தைக் குறித்து, சுருட்டித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். “கடைக்காரன்கிட்ட கணக்குச் சொல்லோணுமல்லொ” என்றார்.

ஏழு தாள். ஏழு குதிப்பு, அதில் ஐந்தை அவரே கையால் எடுத்து உள்ளே விட்டிருக்கிறார். வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தோம். மூன்று குதிப்பு தறி ஓடாத நாளில். இரண்டு ஞாயிறு, இன்னொன்று பாவு வராமல் ஒரு வாரம் தறி நின்றிருந்தபோது. அடுத்தது நேரம். ஏழில் ஆறு, இரவு ஒன்பது மணியை ஒட்டி. அந்த வீட்டில் ஒன்பது மணிக்கு ஹால் லைட்டையும் தொட்டி லைட்டையும் ஒரே சமயத்தில் அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

தறிச் சத்தம்தானா?

புதன்கிழமை மறுபடி போனேன், தறி ஓடும்போது பார்ப்பதற்காக. தொட்டி ஸ்டாண்டின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். நீர்ப்பரப்பில் நுண்ணிய வளையங்கள் விடாமல் நடுங்கின. மீனின் உடலில் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு இதைவிட நுண்ணிய அதிர்வையும் பிடிக்கும். ஆக, கடைக்காரர் சொன்னது முட்டாள்தனம் இல்லை. ஆனால் துரத்தல் எண்ணிக்கை அன்று 28. தறி நின்ற ஞாயிறு 31. தறி நின்றிருந்த அந்த ஒரு வாரமும் துரத்தல் குறையவில்லை என்று அப்பாரு உறுதியாகச் சொன்னார்.

சீராக வரும் அதிர்வுக்கு மீன் பழகிவிடுகிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டுக் குழந்தைகள் தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியதைப் போல. பழக முடியாதது திடீர் மாற்றம். வெளிச்சத்திலிருந்து ஒரே நொடியில் கும்மிருட்டு. ஓடைக்கு அந்தி உண்டு, டியூப் லைட்டுக்குக் கிடையாது.

சும்மா கிடைக்கும் மருந்தை முதலில் கொடுக்கலாம் என்று, தொட்டி லைட்டை எட்டரைக்கு அணைத்துவிட்டு ஹால் லைட்டை அரை மணி கழித்து அணைக்கச் சொன்னேன். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் பழைய டயர் ட்யூபை மடித்து வைத்தோம். கோல்டு ஃபிஷ்ஷைப் பக்கத்து வீட்டுச் சிமென்ட் தொட்டிக்கு அனுப்பினோம். அடுத்த மூன்று வாரத்தில் குதிப்பு இரண்டே. அம்மோனியாவும் இறங்கியது. துரத்தல் மட்டும் அப்படியே இருந்தது.

முதல் முடிவு, அது தப்பானது

ரவுடியைத் தூக்கினால் ஊர் அமைதியாகும் என்று நினைத்தேன். மார்ச் கடைசியில் அந்தப் பெரிய மீனைப் பிடித்து, காற்றுக்கல் போட்ட தெர்மாகோல் பெட்டியில் தனியாக வைத்தோம். முதல் இரண்டு நாள் தொட்டி சாந்தமாக இருந்தது. பையன் வீடியோ அனுப்பினான். மூன்றாம் நாள் இரண்டாவது பெரிய மீன் வேலையைத் தொடங்கிவிட்டது. இப்போது துரத்துவதற்கு இரண்டே மீன்தான் என்பதால் அடி இன்னும் பலமாக விழுந்தது. ஒரு வாரம் கழித்துப் பெரியதைத் திரும்ப விட்டோம், கல்லையெல்லாம் இடம் மாற்றி வைத்து. பழைய ஆட்சி ஒரே நாளில் திரும்பியது.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. குணம் அந்த ஒரு மீனுடையதில்லை, எண்ணிக்கையுடையது. கூட்ட மீன்களுக்குள் மேல்-கீழ் வரிசை எப்போதும் உண்டு. பத்துப் பன்னிரண்டு இருந்தால் துரத்தல் பரவிப்போகும். துரத்துகிற மீனும் ஒன்றையே குறிவைத்துத் துரத்த முடியாது, கூட்டத்துக்குள் கண் தடுமாறும். நான்கில் அந்த வசதி இல்லை. அதோடு, ஓடுவதற்கு 2 அடிதான். துரத்தப்படும் மீன் ஒரு நொடியில் கண்ணாடியில் முட்டித் திரும்புகிறது, துரத்தியது எதிரே நிற்கிறது. மிஞ்சும் ஒரே வழி மேலே.

நாலு மீன் நாலு அண்ணன்தம்பி மாதிரி, நாற்பது மீன் ஊர் மாதிரி என்று அப்பாருவிடம் சொன்னேன். “அண்ணந்தம்பி பங்காளி ஆனாத்தான் சண்டை” என்று அவர் திருத்தினார்.

இரண்டாம் முடிவு

இரண்டு வழி இருந்தது. டேனியோக்களைக் கடைக்கே திருப்பிவிட்டு, அந்த 2 அடித் தொட்டிக்கு ஏற்ற சிறிய மீன்களை வைப்பது ஒன்று. பெரிய தொட்டி, பெரிய கூட்டம் என்று போவது இன்னொன்று. நான் முதலாவதைத்தான் சொன்னேன். செலவும் வேலையும் குறைவு. பையன் ஒப்புக்கொள்ளவில்லை, அப்பாருவும்தான். பார்ப்பவருக்கு அந்த மீன் பிடித்திருந்தது, அதற்குமேல் நான் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மேலே 3 அங்குலம் விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 210 லிட்டர். 3 அடி போதாதா என்று பையனின் அப்பா கேட்டார். உயரமான 3 அடித் தொட்டியிலும் இதே லிட்டர் பிடிக்கும். ஆனால் இந்த மீன் படுக்கைவாட்டில் ஓடுவது. லிட்டரைவிட நீளம்தான் இதற்குக் கணக்கு. தொட்டியும் ஸ்டாண்டும் சேர்ந்து பதினோராயிரம் ஆனது. தண்ணீர் மட்டும் 200 கிலோவுக்கு மேல் என்பதால் ஸ்டாண்டைத் தறிக்குடோன் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றி, சமமட்டம் பார்த்து வைத்தோம்.

உண்மையான எதிர்ப்பு பையனின் அம்மாவிடமிருந்து வந்தது. “வாங்கறது நீங்க, தண்ணி ஊத்தறது நானுங்களா?” நியாயமான கேள்வி. அந்த ஊரில் ஆத்துத் தண்ணி எட்டு நாளைக்கு ஒருமுறை. மற்றதெல்லாம் போர். ஆத்துத் தண்ணியின் டி.டி.எஸ். 180, போர் 1,450. இரண்டு குடம் ஆத்துத் தண்ணிக்கு ஒரு குடம் போர் என்று கலந்தால் 600 சொச்சம் வருகிறது. ஜெயண்ட் டேனியோ கொஞ்சம் கடினமான தண்ணீரையும் தாங்கும், அதனால் இந்த அளவில் நிறுத்திக்கொண்டோம். வாரம் மூன்று குடம் மாற்றுவது என்று பேச்சு: ஆத்துத் தண்ணி இரண்டு, போர் ஒன்று. எடுத்த தண்ணீர் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போகும். வேலை பையனுடையது. அவன் ஒரு வாரம் செய்யாவிட்டால் தொட்டி கடைக்குத் திரும்பும் என்ற நிபந்தனையோடு அம்மா சம்மதித்தார்.

ஆத்துத் தண்ணியில் குளோரின் வரும். ஒரு நாள் முழுக்க அகலமான டப்பில் காற்றுக்கல்லோடு வைத்துவிட்டு, பிறகு சில சொட்டு ஆன்டி-குளோரின். அந்தச் சொட்டு மருந்தில் பொதுவாக இருப்பது சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த அதே ஹைப்போதான், அதாவது சோடியம் தயோசல்ஃபேட்.

பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவாமல் அப்படியே புதுத் தொட்டிக்கு மாற்றினோம், அதில் குடியிருந்து அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்காக. கூடவே ஒரு பவர் ஹெட் (தண்ணீரைத் தள்ளும் சிறு மோட்டார்), தொட்டியின் நீளவாக்கில் ஓட்டம் வரும்படி. மூடிதான் எனக்குப் பிடித்த பகுதி. அலுமினியச் சட்டத்தில் கொசுவலை அடித்து முழு அளவுக்கு ஒரு கதவு. குதிப்பவை உள்ளேயே விழும், காற்று போகும், பஞ்சும் வலையில் நின்றுவிடும். பஞ்சுக்கும் சேர்த்து அது உதவும் என்று நான் யோசித்திருக்கவில்லை, வலையை அடித்த ஆசாரி சொன்னார். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும்.

ஏஞ்சல் ஜோடி கடைக்குத் திரும்பியது.

மீன் எங்கிருந்து?

பையனின் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊர் ஆனைமலை அடிவாரம். அங்கே ஓடையில் வலை போட்டால் ஒரே மதியத்தில் ஐம்பது பிடிக்கலாம் என்று மாமன் ஒருவர் முன்வந்தார். வேண்டாம் என்றேன். காப்புக்காட்டுக்குள் மீன் பிடிப்பது குற்றம் என்பது ஒன்று. இன்னொன்று, இந்த இனத்தில் பல சாதிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நீலகிரிக்கே உரிய ஒரு டேனியோ உண்டு, அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டது. வலையில் எது விழுகிறது என்று தெரியாமல் அள்ளிக்கொண்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை. பண்ணையில் வளர்ந்ததையே கடையில் சொல்லிவைத்து வாங்கினோம், எட்டு.

இடறல்

ஜூன் முதல் வாரத்தில் எட்டு மீனும் வந்தன. பழைய 2 அடித் தொட்டியில் மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். பையனுக்குப் பொறுமையில்லை. ஒன்பதாம் நாள், நான் ஊரில் இல்லாதபோது, “எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க மாமா” என்று மெசேஜ் போட்டுவிட்டுப் பெரிய தொட்டியில் விட்டுவிட்டான். நான்கு நாள் கழித்து வெள்ளைப் புள்ளி. ரவை தூவியது போல், முதலில் இரண்டு மீன், மறுநாள் ஏழு.

பையனை நான் திட்டவில்லை. ஏன் மூன்று வாரம் என்று அவனுக்கு நான் சொல்லியிருக்கவில்லை, மூன்று வாரம் என்று மட்டும் சொன்னேன். வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து எட்டாது. அது முதிர்ந்து கீழே விழுந்து, பல மடங்காகப் பெருகி, குஞ்சுகள் மறுபடி மீனைத் தேடி நீந்தும் அந்தச் சிறிய இடைவெளியில்தான் அதைக் கொல்ல முடியும். தண்ணீர் சூடானால் இந்தச் சுழற்சி வேகமாகும், குளிர்ந்தால் இழுக்கும். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியதும் ராத்திரித் தண்ணீர் 25 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, நோய் மெதுவாக, நீளமாக ஓடும்.

ஹீட்டர் வைத்து 30 டிகிரிக்கு ஏற்றினோம், ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டு நாளில். அயோடின் கலக்காத கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம் வீதம், மொத்தம் 420 கிராம், கரைத்துக் கரைத்து இரண்டு நாளில். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் காற்றுக்கல் இரண்டாக்கினோம். புள்ளி மறைந்த பிறகும் நிறுத்தாமல் மொத்தம் இரண்டு வாரம். புதிய மீன் இரண்டு செத்தன. மீதம் பத்து.

பின் நடந்தது

ஜூலை நடுவில் மறுபடி பத்து நிமிடம் எண்ணினேன். துரத்தல் 12. நின்றுவிடவில்லை, அப்படி எதிர்பார்ப்பதும் தப்பு. ஆனால் யார் யாரைத் துரத்துகிறது என்று பின்தொடரவே முடியவில்லை. வால் கிழிந்திருந்த மீன் எது என்று பையனைக் கேட்டேன், அவனாலும் காட்ட முடியவில்லை. பழைய ரவுடி கூட்டத்தின் முன்வரிசையில் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவே.

பவர் ஹெட் போட்டதும் பத்தும் ஒன்றாகத் திரும்பி ஓட்டத்துக்கு எதிரே நின்று நீந்தும். தீவனப் பெட்டியைத் தட்டினால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே கோடு. அதை 2 அடித் தொட்டியில் ஒருநாளும் பார்த்ததில்லை என்று அப்பாரு சொன்னார். கட்டிலை அவர் எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்றிக்கொண்டுவிட்டார்.

நவம்பரில் ஒரு மீன் போனது. கொசுவலை மூடியில் பவர் ஹெட் வயருக்காக வெட்டிய ஓட்டை இரண்டு அங்குலம், அதன் வழியாக. பத்து மீன் அந்த ஓட்டையைத் தேடவில்லை, ஒரு மீனின் தாவல் தற்செயலாக அங்கே பொருந்திவிட்டது. வயரைச் சுற்றிப் பழைய ஸ்பாஞ்சைத் திணித்தோம்.

பெரிய சோதனை 2024 கோடை. அந்த வருடம் ஈரோடு 40 டிகிரியைத் தாண்டிக் கொதித்தது, பல்லடம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. தொட்டித் தண்ணீர் பகலில் 33-ஐத் தொட்டது. 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிடிக்கும், 33-இல் 7 சொச்சம்தான். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவையும் கூடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கும் மீனுக்கு இது இரட்டை அடி. டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் சாய்த்து வைத்ததில் இரண்டு டிகிரி குறைந்தது. ஆனால் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். முதல் வாரம் போர்த் தண்ணீரை ஊற்றியே நிரப்பியதில் டி.டி.எஸ். 600-லிருந்து 800-க்கு ஏறியது. அதன்பின் ஆவியாவதை நிரப்ப ஆத்துத் தண்ணி மட்டும்.

ஏப்ரல் கடைசியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக காலை ஒன்பதிலிருந்து மாலைவரை கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் இருந்தது, ஆனால் சார்ஜ் போட மறந்திருந்தார்கள். பதினொரு மணிக்கு மீன்கள் எல்லாம் மேற்பரப்பில் வாய் வைத்து நின்றன. பையன் வீட்டில் இல்லை. அவனுடைய அம்மாதான் சமையலை விட்டுவிட்டு வந்து, ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு இரண்டு அடி உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்திருக்கிறார். கை வலித்தால் மகள், பிறகு மறுபடி அவர். இப்படி நாலு மணிவரை. ஒன்றுகூடச் சாகவில்லை. காற்றுக்கல் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான், மேல்பரப்பை உடைத்துக் காற்றைத் தொட வைப்பது. அதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. டீ ஆற்றுவது போல ஆற்றினேன் என்றார்.

மாற்றிச் செய்வதானால்

லைட், அதிர்வு, அம்மோனியா மூன்றையும் ஒரே வாரத்தில் தொட்டேன். பிறகு நீளம், எண்ணிக்கை, தண்ணீர், ஓட்டம் என்று நான்கை ஒரே மாதத்தில். துரத்தல் குறைந்ததில் நீளத்துக்கு எவ்வளவு, எண்ணிக்கைக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ரவுடியைத் தூக்கிப் பார்த்த பரிசோதனை மட்டும்தான் எண்ணிக்கைக்கு ஓரளவு நேரடிச் சாட்சி. மீன் சாகும்போது ஆராய்ச்சிக்காக ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மை, ஆனால் லைட்டை மட்டும் முதல் வாரம் மாற்றிப் பார்த்திருக்கலாம்.

ரவுடியைத் தனியே வைத்த அந்த ஒரு வாரம் வீண். சரியாகச் சொன்னால் கீழே இருந்த இரண்டு மீனுக்கு வீண் சித்திரவதை. அடுத்த முறை செய்ய மாட்டேன்.

காத்திருப்புக் காலத்தை நாள் கணக்கில் சொல்லாமல் காரணத்தோடு சொல்வேன். மூடி அடிக்கும் முன்பே வயர், குழாய் எல்லாம் எங்கே போகும் என்று பார்ப்பேன். பேட்டரி பம்பைத் தொட்டிக்கு அருகிலேயே, எப்போதும் சார்ஜில். இப்போது அப்படித்தான் இருக்கிறது. கரண்ட் நிறுத்தும் நாளைச் செய்தித்தாளில் பார்த்துக் காலண்டரில் வட்டம் போடுவது அப்பாருவின் வேலை.

கடைக்காரரையும் போய்ப் பார்த்தேன். டேனியோ, டைகர் பார்ப் போன்ற கூட்ட மீன்களையாவது ஆறுக்குக் குறையாமல் கொடுக்கலாமே என்றேன். ஆறு கேட்டால் வாங்குகிறவர் விலையைப் பார்த்து நகர்ந்துவிடுவார், ஜோடி என்றால் நாலு வகை வாங்குவார் என்றார். அவர் கணக்கு அவருக்குச் சரி.

கடைசியாகப் போனது 2024 ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள். காற்று சுழன்றடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் 26 டிகிரி. கொசுவலையின் அடிப்பக்கம் அங்கங்கே ஈரத் தடம், ராத்திரி முட்டிப் பார்த்த இடங்கள். மீன் ஒன்பது. கூட்டத்தை எடுத்து நிறுத்த இன்னும் மூன்று வாங்கிவரச் சொல்லியிருந்தேன். பையன் பழைய 2 அடித் தொட்டியைக் காட்டினான். அதில் நான்கு இருந்தன. கடையில் மூன்றாகத் தரமாட்டேன், இரண்டு ஜோடியாக எடுத்துக்கொள் என்றுவிட்டார்களாம். தொட்டியின் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் தேதி எழுதி, பக்கத்தில் 21 கோடு போட்டிருந்தான். ஆறு கோடு அடித்தாயிற்று.